முதியோரைத் தேடிச் செல்லுவோம்!

 

நமக்கு ஆயுளையும் அறிவையும் ஈந்து, உற்றாரையும் உறவினரையும் தந்து வாழ வைத்திருக்கும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் யாவர் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாவதாக!

இம்முறை நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகவும் சாதாரணமானது. வார இறுதியில் இரண்டு நாள் விடுமுறை வருகிறது. பொது விடுமுறையும் ஒட்டிக்கொண்டால் மூன்று நாளாகிறது. அந்நாட்களில் நம் வீட்டு முதியவர்கள் என்ன செய்கிறார்கள்? யாருடன் இருக்கிறார்கள்? இதையும் ஒரு மார்க்கப் பிரசங்கமாகப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். பேசத்தான் வேண்டும். தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் நம்மை விசாரிக்கும் இறைவன், பெற்றவர்களைப் பற்றியும் விசாரிப்பான் என்பதில் ஐயமுண்டோ?

ஜோகூர்வாசிகளாகிய நமக்கு வார விடுமுறை என்பது பல தடவை இடம் மாறிய ஒன்று. முன்னொரு காலத்தில் வெள்ளிக்கிழமை இங்கே ஓய்வு நாளாக இருந்தது. 1994-ஆம் ஆண்டு முதல் அது சனி, ஞாயிறு என்றாயிற்று. 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடியும் வெள்ளி, சனி. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மீண்டும் சனி, ஞாயிறு. இந்த மாற்றங்களில் அரசாங்கத்துக்கும் வியாபாரத்துக்கும் உரிய காரணங்கள் பல இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது குடும்பக் கணக்கை.

நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்ப்பான். இன்னொருவன் கோலாலம்பூரில் இருப்பான். மகளை ஜோகூரிலேயே கட்டிக் கொடுத்திருப்போம். 2014 முதல் 2024 வரை பதினோரு ஆண்டுகள், அங்கிருப்பவனுக்கு ஞாயிறு விடுமுறை. இங்கே பேரப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிக்கூடம். இங்கே வெள்ளி ஓய்வு. அங்கே வெள்ளி வேலை. பெற்றவர்களின் வீட்டில் எல்லாரும் கூட வேண்டுமென்றால் சனிக்கிழமை ஒன்றுதான் பொது நாள். அந்த ஒரு நாளில் பாலத்தைக் கடந்து வந்து திரும்புவதற்கே நேரம் சரியாகப் போய்விடும். "என்ன செய்வது அத்தா, லீவு ஒத்து வரவில்லையே!" என்று சொன்னோம். வாஸ்தவமான காரணமாகவும் அது இருந்தது.

இப்பொழுது அந்தக் காரணம் போய்விட்டது. கடற்பாலத்துக்கு அக்கரையிலும் இக்கரையிலும், வடக்கே தலைநகரிலும் ஒரே இரண்டு நாட்கள். நாட்கள் ஒத்து வந்துவிட்டன. நாம் ஒத்து வந்தோமா? இதைத்தான் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சகோதரர்களே! இன்னொரு காலத்தையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். 2020 மார்ச் 18-ஆம் தேதி, கொள்ளைநோயின் காரணமாக நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 1924-இல் திறப்புவிழா நடந்த நாள்முதல் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போய்வந்த ஜோகூர்ப் பாலம் வெறிச்சோடிப் போயிற்று. இடையில் சிலருக்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. எல்லாருக்கும் பழையபடி வழி திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதியில்தான். இரண்டு ஆண்டுகள்! இக்கரையில் தாய், அக்கரையில் மகன். நடுவே இருப்பதோ சுமார் ஒரு கிலோமீட்டர் தண்ணீர். தாயின் மையித்தைத் தோள் கொடுத்துச் சுமக்க முடியாமல், கைப்பேசியில் ஜனாஸாத் தொழுகையைப் பார்த்து அழுத பிள்ளைகளை நாம் அறிவோம். "வழி மட்டும் திறக்கட்டும், வாரந்தோறும் ஓடி வருவேன்" என்று அன்று எத்தனை பேர் அல்லாஹ்விடம் வாக்குக் கொடுத்தோம்! வழி திறந்தது. வாக்கு எங்கே போயிற்று?

இன்று விடுமுறை நாட்களில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்றே உற்றுப் பார்ப்போம்.

பிள்ளைகள் வருகிறார்கள். இல்லையென்று சொல்ல மாட்டோம். வந்ததும் பேரக் குழந்தைகளை நன்னியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் புறப்படுகிறார்கள். நன்னி இருபது பேருக்குச் சோறாக்கி, இறைச்சி ஆணம் காய்ச்சி, எல்லாரையும் பசியாற வைத்துவிட்டு, கடைசியாக உட்கார்ந்து அடிச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். விடுமுறை எல்லாருக்கும் உண்டு. நன்னிக்கு மட்டும் அன்றுதான் வேலை அதிகம். நன்னாவின் கதை வேறு. அவரைக் காரில் ஏற்றிப் பெரிய அங்காடிக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒரு பெஞ்சியில் உட்கார வைத்து, பைகளையும் பக்கத்தில் வைத்து, "இங்கேயே இருங்கள், இதோ வந்துவிடுகிறோம்" என்கிறார்கள். அவர் இரண்டு மணி நேரம் பைகளுக்குக் காவல் இருக்கிறார். ஒளுச் செய்ய எங்கே போவது, கழிப்பிடம் எந்தப் பக்கம் என்று கேட்கவும் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு இருக்கிறார். மாலையில் எடுத்த புகைப்படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நடுவே அவரும் இருக்கிறார். ஆனால் அன்று முழுவதும் அவரிடம் யாரும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை.

இதைச் செய்பவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். மருந்து வாங்கித் தருகிறார்கள், மாதச் செலவுக்குக் கொடுக்கிறார்கள், பெருநாளைக்குப் புதுக் கைலி எடுத்துத் தருகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமலே ஒன்று தவறிப் போகிறது. பிறரைக் குறை சொல்லுமுன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் அத்தாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இருவரும் இளமையில் ஜோகூர் பாருவில் ஒரே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர்கள். ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். பிறகு அவர் பத்து பகாட்டில் தம் மக்களோடு இருந்தார். 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சனி, ஞாயிறு விடுமுறை வந்த புதிதில், "தம்பி, ஒரு நாள் பத்து பகாட்டுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று அத்தா கேட்டார்கள். இரண்டு மணி நேரப் பிரயாணம். "அடுத்த வாரம் போகலாம் அத்தா" என்றோம். அடுத்த வாரம் ஒரு கலியாண விருந்து. அதற்கடுத்த வாரம் பிள்ளைக்குத் தனிப் பாட வகுப்பு. மூன்றாம் வாரம் கார் பட்டறையில் இருந்தது. ஒவ்வொரு வாரமும் காரணம் நியாயமாகவே இருந்தது. அத்தா மறுபடி வற்புறுத்திக் கேட்கவுமில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளி இரவும் சலவை செய்த வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டி வைத்துவிட்டுப் படுப்பார்கள் என்பதைப் பின்னால் உம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கூட்டாளிக்குக் கொடுக்க ஒரு பிஸ்கட் டின்னும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்கள்.

நான்காம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு செய்தி வந்தது. கூட்டாளி மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாங்கள் பதறிப்போய், "உடனே புறப்படலாம் அத்தா" என்றோம். அத்தா எங்களை ஏறிட்டுப் பார்த்து, "இனிமேல் அவசரமில்லை தம்பி. இஷாவைத் தொழுதுவிட்டு மெதுவாகவே போகலாம்" என்றார்கள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்போம். கோபம் இல்லை. மறுநாள் நல்லடக்கம் முடிந்ததும் அந்தப் பிஸ்கட் டின்னைக் கூட்டாளியின் பேரப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்று எங்களுக்குப் புரிந்தது இதுதான். அத்தாவை நாங்கள் எத்தனையோ இடங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறோம். அத்தனையும் நாங்கள் போக விரும்பிய இடங்கள். அவர்கள் போக விரும்பிய இடம் ஒன்றே ஒன்று.

இந்த விஷயத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறை என்ன?

மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் வயது முதிர்ந்த தந்தையார் அபூ குஹாஃபாவைக் கையைப் பிடித்து நபியவர்களிடம் அழைத்து வந்தார்கள். தந்தையாருக்குப் பார்வை போயிருந்தது. தலை முழுதும் நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் நபியவர்கள், இப்பெரியவரை வீட்டிலேயே இருக்க விட்டிருக்கலாமே, நாம் அவரிடம் சென்றிருப்போமே என்னும் கருத்தில் கேட்டார்கள். சகோதரர்களே, சிந்தியுங்கள்! அரபு நாட்டின் பெரும் நகரம் அன்று அவர்கள் காலடியில் இருக்கிறது. பெரியவரோ அதுவரை இஸ்லாத்தை ஏற்காதவர். அப்படிப்பட்டவருக்காகவும், முதியவர் நம்மிடம் வர வேண்டியதில்லை, நாம் அவரிடம் போக வேண்டும் என்ற மரியாதையை நாயகம் (ஸல்) கற்றுத் தருகிறார்கள். அவ்விடத்திலேயே அபூ குஹாஃபா கலிமாச் சொல்லி முஸ்லிமானார்.

உம்மு ஐமன் (ரலி) என்ற அம்மையாரின் சரித்திரத்தையும் பாருங்கள். தாயை இழந்த ஆறு வயதுக் குழந்தையாக நபியவர்கள் இருந்தபோது, அவர்களைப் பேணி வளர்த்தவர் அவ்வம்மையார். நபியவர்கள் பெரியவர்களாகி, தூதுத்துவம் பெற்று, மதீனாவின் தலைவரான பிறகும், அவ்வம்மையாரின் வீடு தேடிச் சென்று பார்த்து வருவது அவர்களுடைய வழக்கம். நபியவர்கள் மறைந்தபின், ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு, நாயகம் போய்வந்தது போலவே நாமும் போய்வருவோம் என்று புறப்பட்டார்கள். அம்மையார் இவர்களைக் கண்டதும் அழுதார். வானிலிருந்து வஹீ வருவது நின்றுவிட்டதே என்று சொல்லி அவர் அழ, இவ்விருவரும் உடன் அமர்ந்து அழுதார்கள் என்று ஹதீஸ் நூலான முஸ்லிமில் காண்கிறோம். ராஜ்ய பாரத்தைச் சுமந்த கலீபாவுக்கு ஒரு முதிய பெண்மணியின் அருகில் உட்கார்ந்து அழ நேரம் இருந்தது. நமக்கு நேரமில்லையாம்!

இன்னும் ஒன்று. நம் பெற்றோரின் சிநேகிதர்களைப் பற்றி மார்க்கம் சொல்வதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைக் கண்டு, தாம் ஏறி வந்த கழுதையையும் தம் தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் சொற்பத்தைக் கொண்டே திருப்தியடைபவர்களாயிற்றே என்று உடனிருந்தோர் கேட்டபோது, இவருடைய தகப்பனார் என் தந்தை உமருக்கு அன்பராயிருந்தார் என்று பதில் சொன்னார்கள். தந்தை நேசித்தவர்களோடு உறவைப் பேணுவது மிக உயர்ந்த நன்மை என்று நபியவர்கள் கூறக் கேட்டதையும் எடுத்துரைத்தார்கள். நபியவர்களோ, தம் அருமை மனைவியார் ஹஜ்ரத் கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆனபிறகும், ஆடறுத்தால் கதீஜாவின் தோழிமாருக்குப் பங்கு அனுப்புவார்கள். ஆகவே, அத்தாவின் கூட்டாளியும் உம்மாவின் தோழியும் நமக்கு அந்நியர் அல்லர். அவர்களிடம் போவது நம் பெற்றோருக்குச் செய்யும் கடமையில் சேர்ந்தது.

உலகமும் இப்பொழுது இதையே வேறு பாஷையில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் மாதம் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், ஆண்டொன்றுக்கு 8,71,000-க்கு மேற்பட்ட மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிடுகிறது. மணிக்கு நூறு பேர்! தனிமையில் வாடுவோர் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். ஆனால் முதுமையின் தனிமைக்கு ஒரு விசேஷம் உண்டு: கூட்டாளிகள் ஒருவர்பின் ஒருவராகப் போய்விடுகிறார்கள். புதிதாகச் சம்பாதிக்க முடியாத சொத்து அது.

இனி நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, கேட்க வேண்டும். "எங்கே போக ஆசைப்படுகிறீர்கள்? யாரைப் பார்க்க வேண்டும்?" என்று வியாழக்கிழமையே கேட்டுவிட வேண்டும். முதியவர்கள் உடனே வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சிரமம் என்று, "எங்கேயும் வேண்டாம்" என்பார்கள். ஒரு தடவை கேட்டு நிறுத்திவிட்டால் அது கேட்டதாகாது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு நாளையாவது அவர்களுடைய நாளாக ஒதுக்க வேண்டும். குளுவாங்கிலோ மூவாரிலோ இருக்கும் கூட்டாளி வீட்டுக்கு அழைத்துப் போங்கள். கொண்டுவிட்ட கையோடு புறப்பட அவசரப்படாதீர்கள். இரண்டு முதியவர்கள் ஒரு கோப்பைத் தேநீரை ஒரு மணி நேரம் குடிப்பார்கள். பேச்சு நின்று நின்று வரும். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நடமாட முடியாதவராயின் அவருடைய கூட்டாளியை நம் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். மவுத்தானவர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் மையவாடிக்கு அழைத்துப் போய் ஸியாரத் செய்ய வையுங்கள்.

மூன்றாவது, அவர்கள் வயதுக்கேற்பப் பிரயாணத்தை அமைக்க வேண்டும். மருந்து வேளை, பசி வேளை, ஒளுவுக்கும் கழிப்பிடத்துக்கும் நிறுத்தவேண்டிய இடம் இவற்றை முன்னமே யோசித்து வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. "அத்தா, நிறுத்தட்டுமா?" என்று நாமே கேட்டால் அவர்களுக்குக் கூச்சமில்லை.

நான்காவது, நன்னிக்கும் விடுமுறை கொடுக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றை மக்களும் மருமக்களும் ஆக்கட்டும். ஆண்களும் சட்டி கழுவட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்தவர்கள் அல்லவா? மகனுடைய பெற்றோருக்கு ஒரு சனிக்கிழமை என்றால் மருமகளுடைய பெற்றோருக்கும் ஒரு சனிக்கிழமை உண்டு என்பதையும் நீதியோடு நினைக்க வேண்டும்.

ஐந்தாவது, பேரப் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1926 முதல் 1973 வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் போய்வந்த அக்கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்த கதையை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். இன்னும் பத்தாண்டு கழித்து யாரிடம் போய்க் கேட்பது?

இன்னுமொரு காரியம் நம் சங்கத்தார் அனைவரும் சேர்ந்து செய்யவேண்டியது. பதினோரு ஆண்டுகள் வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தபோது, பல முதியவர்கள் மகனுடைய காரில் ஜும்ஆவுக்கு வந்தார்கள். இப்பொழுது வெள்ளிக்கிழமை வேலை நாள். ஜும்ஆவுக்கு இடைவேளை உண்டென்றாலும், மகன் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலுள்ள பள்ளியில் தொழுதுகொள்கிறான். அத்தா வீட்டில் இருந்துவிடுகிறார். தள்ளாதவருக்கும் நோயாளிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் முன் சஃப்பில் நின்ற மனம் அச்சலுகையால் ஆறுவதில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் கூட்டாளிகளைக் கண்டு ஸலாம் சொல்லிக் கைகொடுக்கும் அந்தக் கால் மணி நேரமே பலருக்கு வாரத்தின் விடுமுறை. ஆகவே, சொந்தத் தொழில் செய்பவர்களும் வேலை ஓய்வு பெற்றுக் கார் ஓட்டக்கூடியவர்களும், தங்கள் தெருவில் இருக்கும் ஒரு முதியவரை வெள்ளிதோறும் பள்ளிக்கு அழைத்து வரும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். சிறிய காரியம், கூலி அல்லாஹ்விடம்.

நம் முதியவர்களுக்கும் பணிவோடு ஒரு வார்த்தை. ஆசையை மனத்தில் வைத்துப் பூட்டாதீர்கள். "இன்ன நாள் இன்னாரைப் பார்க்க வேண்டும்" என்று உரிமையோடு சொல்லுங்கள். வந்த பிள்ளையிடம் வராத பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம். வராதவன் வரும்போது பழைய கணக்கைப் புரட்டவும் வேண்டாம். உறவைத் துண்டித்தவரோடும் சேர்ந்து நடப்பவரே உறவைப் பேணுபவர் என்பது நபிமொழியின் கருத்து. உங்கள் துஆ எங்களுக்கு வேண்டும்.

பெற்றோரை இழந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அவர்கள் மறைந்தபின்னும் அவர்களுக்காகத் துஆச் செய்வது, அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது, அவர்கள் வழி உறவைப் பேணுவது, அவர்களுடைய சிநேகிதரைக் கண்ணியப்படுத்துவது ஆகிய வாசல்கள் திறந்தே இருக்கின்றன என்று நபியவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள்.

பெற்றோரை நோக்கி "சீ" என்ற சொல்லும் கூடாது, இரக்கத்தோடு அவர்கள் முன் பணிந்து நிற்க வேண்டும் என்று திருமறையின் 17-ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். நாவினால் நாம் "சீ" என்று சொல்லாதவர்களாக இருக்கலாம். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று எத்தனை தடவை சொன்னோம்?

வரும் சனிக்கிழமை யாருடைய வீட்டு ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை மாட்டியிருக்கிறதோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

யா அல்லாஹ்! எங்களைச் சிறு வயதில் சுமந்து வளர்த்தவர்களை அவர்கள் முதுமையில் சுமக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கவனக் குறைவினால் அவர்கள் மனம் நொந்திருந்தால் அதை மன்னிப்பாயாக! தனித்திருக்கும் முதியவர்களுக்கு நல்ல துணையைத் தருவாயாக! முந்திச் சென்ற எங்கள் பெற்றோர், அவர்கள் சிநேகிதர் அனைவருடைய கப்ருகளையும் ஒளியாக்கி, மறுமையில் எங்களை அவர்களோடு ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.